பூட்டிய அலமாரியும் தேய்ந்த பந்தும்

இரவல் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் கிடையாது. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்று பாட்டிமார் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால்கூட, மறுநாள் அதைத் தலைதட்டாமல் குவித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அம்மாக்களுக்குத் தூக்கம் வரும். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இந்த ரோஷம் இன்னும் சற்று அதிகம். யாரிடமும் கை நீட்டாமல் பிழைத்தோம் என்பதுதான் நாக்பூருக்கு வந்து இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த பலருடைய பெருமை.

ஆனால் புத்தகத்தை மட்டும் நாம் கூச்சமில்லாமல் இரவல் வாங்குகிறோம். அதற்கு நூலகம் என்று பெயர் வைத்துவிட்டோம், கௌரவம் வந்துவிட்டது. நம் சங்க நூலகத்தில் நாவல் எடுத்துப் போகிறவரைப் பார்த்து, "பாவம், வாங்க வசதியில்லை போலிருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. புத்தகத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை ஒரு கிரிக்கெட் மட்டைக்கும் கேரம் பலகைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

நம் சங்கத்தின் மாணவர் மன்றம் நடத்திவரும் விளையாட்டுச் சாமான் இரவல் பிரிவைப் பற்றித்தான் சொல்கிறேன். ஞாயிறுதோறும் மாலையில் நூலக அறைக்கு அடுத்த அறையில் அந்தப் பச்சை இரும்பு அலமாரி திறக்கப்படுவதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். சாமான்களைப் பழுது பார்த்துக் கொடுக்கும் வேலையை மாணவர்கள் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே நடப்பது எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தப் பிரிவை எப்படித் தொடர்வது என்ற கேள்வி வரவிருக்கிறது. வாக்களிக்கும் முன் விஷயம் முழுவதும் நம் முன் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வளரும் பிள்ளை, வளராத மட்டை

விளையாட்டுச் சாமானில் ஒரு விசித்திரம் உண்டு. புத்தகம் எந்த வயதுக்காரர் கையிலும் ஒரே கனம்தான். மட்டை அப்படியல்ல. பிள்ளைகளின் கிரிக்கெட் மட்டைகள் 1 முதல் 6 வரை எண் போட்டு வருகின்றன. அதற்கு மேல் ஹாரோ என்றொரு அளவு. அதற்கும் மேல்தான் முழு அளவு. ஒரு பையன் எட்டு வயதில் விளையாடத் தொடங்கினால், மீசை அரும்புவதற்குள் நான்கைந்து மட்டைகள் மாற்ற வேண்டும். கால்பந்தும் அப்படியே. பெரியவர்களின் பந்து 5ஆம் எண். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். பத்து வயதுப் பிள்ளை அதை உதைத்தால் பந்து நகர்வதைவிடக் கணுக்கால் வலிப்பதுதான் அதிகம். அவர்களுக்கு 4ஆம் எண். இன்னும் சிறியவர்களுக்கு 3ஆம் எண்.

இதில் இன்னொரு வேடிக்கை, "வளர்ந்த பிறகும் ஆகுமே" என்று நாம் சட்டையைப் பெரிதாகத் தைப்பது போல மட்டையையும் பெரிதாக வாங்கிக் கொடுப்பது. கனமான மட்டையைத் தூக்க முடியாத பிள்ளை கையை மாற்றிப் பிடிக்கப் பழகுகிறது. பிறகு எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் அந்தப் பழக்கத்தைத் திருத்துவது கடினம். சரியான அளவு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் என்றால், அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இரவல் வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

மரப்பந்தாட்டத்துக்குப் போனால் மட்டை மட்டும் போதாது. காலுக்குப் பேடு, கைக்கு உறை, தலைக்கு ஹெல்மெட், இடுப்புக் காப்பு எல்லாம் வேண்டும். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள் இருக்கும். தோல் பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒருமுறை முழங்காலில் பட்டால் தெரியும். ஒரு குடும்பம் இத்தனையும் வாங்கி, ஆறு மாதத்தில் பையன் "எனக்கு செஸ்தான் பிடித்திருக்கிறது" என்று சொன்னால் அப்பாவின் முகம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கும் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. அதுதான் இந்த அலமாரியின் முதல் பயன்.

மாற்றலாகிப் போகும் உத்தியோகக் குடும்பங்களுக்கு இன்னொரு பயன். ரயில்வே, வங்கி, ராணுவத் தளவாடத் தொழிற்சாலை, நிலக்கரி நிறுவனம் என்று நம்மில் பலர் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கியே ஆயுளைக் கழித்தவர்கள். கேரம் பலகையின் ஆட்டப் பரப்பு மட்டும் 74 செ.மீ. சதுரம். எந்தப் பெட்டியிலும் அடங்காது. வழியில் ஒரு மூலை நிச்சயம் உடையும். நம் அலமாரியில் இருக்கும் இரண்டு கேரம் பலகைகளில் ஒன்று, மாற்றலான ஒரு குடும்பம் உடைவதற்கு முன்பே கொடுத்துவிட்டுப் போனது.

பிறர் செய்தார்கள்

இது நம் மாணவர்களின் தலையில் மட்டும் உதித்த யோசனையல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1935இல், பொருளாதார மந்தத்தால் மக்கள் தவித்துக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளுக்குப் பொம்மை இரவல் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. விளையாட்டுப் பொருள் செய்வதற்காகக் கடையில் சிறுவர்கள் சின்னச் சின்னச் சாமான்களைத் திருடியதைக் கண்டுதான் பெரியவர்களுக்கு அந்த யோசனை வந்ததாம். தண்டிப்பதற்குப் பதிலாக, நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் பொம்மை எடுத்துப் போகச் சொன்னார்கள். ஒழுங்காகப் பலமுறை திருப்பிக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு பொம்மை சொந்தமாகவே கொடுக்கப்பட்டது. கடன் வாங்கித் திருப்பித் தருவதை ஒரு நற்குணமாக மதிப்பெண் போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ரயில்வே காலனிகளில் இன்ஸ்டிட்யூட் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஊழியர் நல நிதியின் உதவியுடன் நடப்பது. கேரம், டேபிள் டென்னிஸ், பாட்மிண்டன், செய்தித்தாள் எல்லாம் அங்கே இருக்கும். கலாசியும் ஃபோர்மேனும் ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். பலகை யாருக்கும் சொந்தமில்லை என்பதால் யாருக்கும் அதில் அதிகாரமும் இல்லை.

சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் மிகயில் தால் பெயரில் ஒரு செஸ் மன்றம் இயங்கியது. அந்நாளில் செஸ் கடிகாரமும் நல்ல காய்களும் நடுத்தரக் குடும்பங்களில் காண அரிது. ரயில்வே உயர் அதிகாரியின் மகனான விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் அங்கே போய் விளையாடியவர். அதிவேக ஆட்டத்தில் வென்றவர் நாற்காலியில் தொடரலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஒரு பலகையை ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்தால் அந்த வரிசை உருவாகியிருக்குமா?

நம் நாக்பூரின் திவ்யா தேஷ்முக் 2025இல் ஜார்ஜியா நாட்டின் பாதுமி நகரில் பெண்களுக்கான செஸ் உலகக் கோப்பையை வென்றபோது, நம் அலமாரியின் செஸ் பலகைகள் ஒரே ஞாயிறில் காலியாயின. வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற செய்தி வந்ததும் கேரம் பலகைக்கு முன்பதிவுப் பட்டியல் போட வேண்டியதாயிற்று. ஆனால் நாம் சாம்பியன்களை உருவாக்குவதற்காக இதை நடத்தவில்லை. அப்படி நினைத்தால் நன்றாக ஆடுகிற பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பூட்டிவிடலாம். சுமாராக ஆடுகிற பிள்ளைக்கும் மாலை நேரம் என்று ஒன்று இருக்கிறதே!

டோக்கன் கதை

சாமான் கொடுப்பது எளிது. திரும்பி வருவதுதான் கஷ்டம் என்பார்கள். உண்மைதான். அதற்கு மாணவர்கள் என்னிடம் யோசனை கேட்டபோது, ரயில்வே பட்டறைகளில் பல தலைமுறையாக இருந்துவந்த ஒரு வழக்கத்தைச் சொன்னேன்.

பட்டறையில் டூல் ரூம் என்று ஒரு அறை உண்டு. அளவுக் கருவிகள், விலை உயர்ந்த ஆயுதங்கள் அங்கேதான் இருக்கும். தொழிலாளிக்குத் தம் எண் பொறித்த பித்தளை வில்லைகள் சில கொடுக்கப்பட்டிருக்கும். கருவி வேண்டுமானால் ஒரு வில்லையைக் கொடுக்க வேண்டும். கருவி தொங்கிய அதே ஆணியில் வில்லையை மாட்டிவிட்டுக் கருவியைக் கொடுப்பார்கள். திருப்பித் தந்ததும் வில்லை கைக்கு வரும். சுவரை ஒருமுறை பார்த்தால் போதும். எந்தக் கருவி யாரிடம் என்று தெரிந்துவிடும். வில்லைகள் தீர்ந்தால் அடுத்த கருவி கிடையாது. அவ்வளவுதான் சட்டம். இதில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. யாரும் பணம் கட்டவும் இல்லை.

ஒற்றை ரயில் பாதையிலும் இதே தத்துவம்தான். நீல் என்பவர் பெயரால் வழங்கிய கருவியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் ஓர் இரும்புப் பந்தை எடுத்து, பிரம்பு வளையம் கோத்த தோல் பையில் போட்டு டிரைவரிடம் நீட்டுவார். அந்தப் பந்து கையில் இருந்தால்தான் வண்டி அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். அங்கே அதை ஒப்படைத்துக் கருவிக்குள் போட்ட பிறகுதான் அந்தப் பாதைக்கு அடுத்த பந்து வெளியே வரும். இரட்டைப் பாதைகளும் புதிய கருவிகளும் வந்தபின் அந்தக் காட்சி பெரும்பாலான இடங்களில் மறைந்துவிட்டது. ஆனால் ஒரு பந்தை நம்பி எத்தனை ஆயிரம் உயிர்கள் பயணம் செய்தன என்று நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதைக் கேட்ட மாணவர்கள் அலுமினியத் தகட்டில் வட்ட வில்லைகள் வெட்டி எண் பொறித்துக்கொண்டார்கள். உறுப்பினரான பிள்ளைக்கு இரண்டு வில்லை. ஒரு வில்லைக்கு ஒரு சாமான். கேரம் பலகை, கிரிக்கெட் பை போன்ற பெரிய சாமானுக்கு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஆளுக்கு ஒரு வில்லை வைக்க வேண்டும். எல்லாம் ஒரு வாரத் தவணை. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடுத்தவர் முன்னிலையிலேயே சாமானைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள்.

இந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பதிவு முழுவதும் தமிழில் இருக்க வேண்டும் என்பது மாணவர் மன்றமே போட்ட விதி. எடுக்கிற பிள்ளையே எழுத வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் மட்டை, பந்து, வலை, காய், பலகை என்று அட்டை தொங்குகிறது. முதல் மாதம் அதைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல் வரைகிறார்கள். மூன்றாம் மாதம் பார்க்காமல் எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்தாலும் வராத பிள்ளைகள் சிலர், பந்துக்காக 'ந்'துக்குப் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். தமிழ் வளர்ப்பது நம் சங்கத்தின் முதல் நோக்கம் என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறேன்.

தேய்மானம் வேறு, சேதம் வேறு

இப்போது குறைகளுக்கு வருவோம். செயற்குழுவில் சில அன்பர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவையே. பந்துகள் அடிக்கடி வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டு மட்டைகள் கணக்கில் வரவில்லை. பாட்மிண்டன் ராக்கெட்டின் நரம்பு அறுந்து போகிறது. எனவே பிள்ளைக்கு 500 ரூபாய் முன்பணம் வாங்க வேண்டும், சங்க உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே தர வேண்டும், சாவி பெரியவர் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்று மூன்று யோசனைகள் முன்வைக்கப்பட்டுள்ளன.

ரயில்வே கிடங்கில் சாமான்களை இரண்டு விதமாகப் பார்ப்போம். எண்ணெய், துடைக்கும் பஞ்சு, பாலிஷ் காகிதம் போன்றவை செலவாவதற்கென்றே வருபவை. அவை தீர்ந்தால்தான் வேலை நடந்தது என்று அர்த்தம். ஸ்பேனர், ஜாக்கி போன்றவை எண் போட்டு, கணக்கு வைத்து, திருப்பி வாங்க வேண்டியவை. விளையாட்டிலும் இந்தப் பிரிவினை அவசியம். டென்னிஸ் பந்து, இறகுப்பந்து, கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடர் ஆகியவை முதல் வகை. ஓர் இறகுப்பந்தில் 16 இறகுகள். மொத்த எடை 5 கிராம் அளவுதான். அதை நூறு முறை ஓங்கி அடித்தபின் அது புதிதாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நாக்பூரின் வறண்ட வெயிலில் இறகு சீக்கிரம் உலர்ந்து ஒடியும் என்பதால், நாங்கள் நைலான் பந்துக்கு மாறியிருக்கிறோம். அதுவும் தேயத்தான் செய்யும்.

மட்டை, ராக்கெட், பலகை, வலை ஆகியவை இரண்டாம் வகை. இவற்றில்கூட தேய்மானம் வேறு, சேதம் வேறு. மட்டையின் முகத்தில் விழும் கோடு தேய்மானம். மழையில் நனைய விட்டு அடிப்பாகம் ஊறிப் பிளந்தால் சேதம். மாணவர்கள் இதை இப்போது நன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். புது மட்டைக்கு ஆளி விதை எண்ணெய் மெல்லியதாகத் தடவி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழக்கிய பிறகே தோல் பந்துக்குக் கொடுக்கிறார்கள். கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை ஈரமாக்கிச் செருகுகிறார்கள். இல்லாவிட்டால் வால்வு கிழிந்துவிடும். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் மே மாத வெக்கையில் வளைந்துவிடும் என்று படுக்க வைக்கிறார்கள். இவை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடங்கள்.

கணக்கில் வராத இரண்டு மட்டைகளில் ஒன்று, பூசாவளுக்கு மாற்றலான ஒரு குடும்பத்தின் சாமான்களோடு லாரியில் ஏறிப் போய்விட்டது. அந்தப் பையனின் வில்லை எங்கள் ஆணியில் தொங்கிக்கொண்டேயிருந்தது. தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தபோது மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "என் நம்பரைக் குடுங்க அண்ணா" என்று கேட்டு வாங்கிப் போனான். நாக்பூரில் இனிமேல் அவனுக்கு அந்த வில்லையால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் கேட்டான். இன்னொரு மட்டை இன்றுவரை வரவில்லை. அது நஷ்டம்தான், நஷ்டம் என்றே பதிவேட்டில் எழுதியிருக்கிறது.

முன்பணம் வைத்தால் யார் நிற்பார்கள்?

500 ரூபாய் நம்மில் பலருக்குப் பெரிய தொகையல்ல. ஆனால் அண்மைக் காலத்தில் நாக்பூருக்கு வந்திருக்கும் தமிழர் எல்லாரும் நம்மைப்போல் அரசு உத்தியோகத்தில் வந்தவர்களல்ல. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கும், தள்ளுவண்டியில் இட்லிக் கடை போடவும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்கு வருவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் சங்கக் கட்டடத்துக்குள் உரிமையோடு நுழைவது இந்த அலமாரிக்காகத்தான்.

அப்படி வந்த ஒரு சிறுமி, ஏழாவது படிக்கிறாள். வாரம் தவறாமல் ஒரு ராக்கெட் எடுத்துப் போவாள். திடீரென்று மூன்று வாரங்கள் வரவில்லை. அவளுடைய வில்லை ஆணியில் தொங்குகிறது. மன்றத்தின் செயலாளராக இருக்கும் கல்லூரி மாணவி, "போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அங்கிள்" என்றாள். நானும் உடன் போனேன். ராக்கெட் ஒரு துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நரம்பு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. சிறுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். தாயார் எங்களைப் பார்த்ததும் பதறிப்போய், "எவ்ளோ ஆவும்னு சொல்லு கண்ணு, சீட்டு எடுத்ததும் குடுத்துடறோம்" என்றார்.

அந்த மாணவி சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன். "காசெல்லாம் வேண்டாம் அக்கா. நரம்பு அறுந்தா நல்லா ஆடியிருக்கான்னு அர்த்தம். கட்டிக்கலாம். இவ வரலைன்னா டபுள்ஸ் ஆட எனக்குத்தான் ஆள் இல்லை."

அடுத்த ஞாயிறு சிறுமி வந்தாள். ராக்கெட்டுக்கு நரம்பு கட்டியாயிற்று. அதற்கான செலவு மாணவர் மன்றத்தின் கணக்கில் சிறிய தொகையாக எழுதப்பட்டிருக்கிறது.

முன்பணம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சற்று யோசியுங்கள். அந்தச் சிறுமி ராக்கெட்டை எடுத்திருக்கவே மாட்டாள். எடுக்காத பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆண்டு அறிக்கையில் "சேதம் ஏதுமில்லை" என்று பெருமையாக எழுதியிருப்போம். வீட்டில் 500 ரூபாய் கேட்கத் தயங்கும் பிள்ளை, கேட்டுக் கிடைக்கவில்லை என்று நம்மிடம் வந்து சொல்லாது. மெல்ல வராமல் நின்றுவிடும். அந்த நஷ்டத்துக்கு நம்மிடம் கணக்குத் தலைப்பே கிடையாது.

பதினொரு பேர் வேண்டுமே

உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற யோசனையையும் பார்ப்போம். நம் பிள்ளைகள் வாழ்வது தெருவில், காலனியில், அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே பதினொரு தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஆட்டம் என்றால் மட்டை அலமாரியை விட்டு வெளியே வராது. வில்லை நம் பிள்ளையுடையது. பொறுப்பு நம் பிள்ளையுடையது. அதை வைத்து மராத்திப் பிள்ளைகளோடும் இந்திக்காரப் பிள்ளைகளோடும் ஆடினால் நமக்கு என்ன குறைவு? ஒரு கேரம் பலகையை எடுத்துப் போகிற பையன் அந்தக் காலனியில் அன்றைக்கு ராஜா. "உங்கள் சங்கத்தில் இதெல்லாம் தருவார்களா?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நாம் மேடையில் பேசிக் கிடைக்காத நல்ல பெயர் அது.

எங்கள் அலமாரியில் ஒரு பல்லாங்குழியும் இருக்கிறது. ஒரு பாட்டியம்மாள் கொடுத்தது. மரத்தாலானது, 14 குழி. சோழிகளில் சில தொலைந்துபோனதால் புளியங்கொட்டையும் கலந்திருக்கிறது. யார் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தோம். கோடையில், வெளியே 45 டிகிரி கொளுத்தும்போது, அதற்குத்தான் போட்டி. நம் பேத்திமார் தம் மராத்தித் தோழிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொடுப்பதற்காகத் தாங்களே பாட்டியிடம் போய்க் கேட்டுக்கொள்கிறார்கள். எத்தனை காய் வைப்பது, எப்போது 'பசு' எடுப்பது என்று தஞ்சாவூர்ப் பாட்டிக்கும் திருநெல்வேலிப் பாட்டிக்கும் நடக்கும் வாக்குவாதத்தைத் தீர்க்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

சாவி யாரிடம்?

சாவி மாணவர்களிடமே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரியவர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் நல்ல எண்ணத்தோடுதான் வாங்கிக்கொள்வார். ஆனால் அவருக்குத் திருமண அழைப்பு வரும், மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும், ஊருக்குப் போவார். அலமாரி பூட்டியிருக்கும். இரண்டு ஞாயிறு பூட்டியிருந்தால் மூன்றாம் ஞாயிறு பிள்ளைகள் வரமாட்டார்கள். மாணவர்கள் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு திறக்கிறார்கள். வெளி மாநிலக் கல்லூரியில் படிக்க ஒரு பெட்டியோடு வந்த தமிழ் மாணவர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். கையில் மட்டையில்லாமல் வந்த அவர்களுக்கு மட்டையும் கிடைத்தது, வாரம் ஒருநாள் தமிழ் பேச ஓர் இடமும் கிடைத்தது.

ரயில் எஞ்சினை ஷெட்டில் நிறுத்தி, துடைத்து, வர்ணம் பூசி வைத்திருந்தால் அது பழுதாகாது. ஆனால் எஞ்சின் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றுதான் ரயில்வே கணக்குக் கேட்கும். நம் அலமாரியையும் அப்படியே அளக்க வேண்டும். ஆண்டு முடிவில் பந்துகள் புதிதாக இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

எனவே பொதுக்கூட்டத்தின் முன் நான் வைக்கும் யோசனைகள் இவை. முன்பணம் வேண்டாம், வில்லை முறை தொடரட்டும். பந்து, இறகுப்பந்து, நரம்பு கட்டுதல் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலவு என்றே ஒதுக்குவோம்; நஷ்டம் என்று எழுத வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு முதல் அரைமணி நேரத்தைத் தனியாக ஒதுக்குவோம். பெரிய பையன்கள் நெருக்கித் தள்ளும் வரிசையில் அவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் கொண்டுபோக முடியாத சாமான்களை மன்றத்துக்குக் கொடுப்பதை ஒரு வழக்கமாக்குவோம். கணக்கைப் பெரியவர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கட்டும். சாவியை மட்டும் கேட்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், மகன் அமெரிக்கா போனபின் யாரும் தொடாத ஒரு மட்டை இருக்கலாம். மகள் கல்யாணமாகிப் போனபின் உறையோடு தொங்கும் ராக்கெட் இருக்கலாம். காய் இரண்டு குறைந்த செஸ் பெட்டியானாலும் பரவாயில்லை. எங்களிடம் உபரிக் காய்கள் உண்டு. பழுதானாலும் கொண்டு வாருங்கள், சரி செய்துகொள்கிறோம். ஞாயிறு மாலை 4 மணி முதல் 6 மணி வரை அலமாரி திறந்திருக்கும். கொடுக்க வருபவர்களும் பதிவேட்டில் தமிழில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று மாணவர்கள் சொல்லச் சொன்னார்கள்.